புலமும் களமும்: ஒரே பெயரில் இரண்டு ‘ஃபீல்ட் தியரி’

முதுகலை இயற்பியல் பாடத்திட்டத்தில் ‘ஃபீல்ட் தியரி’ என்று ஒரு தாள் இருக்கும். முதுகலைக் கணிதத்திலும் அதே பெயர் தென்படும். பெயரை மட்டும் நம்பி நூலகத்தில் தவறான அலமாரிக்குப் போய்விட்டால் ஒரு பக்கம்கூடப் புரியாது. ஒன்று மின்காந்தம், அலை, எலெக்ட்ரான் என்று பேசும். மற்றது பல்லுறுப்புக்கோவை, பகா எண், சமன்பாட்டின் மூலங்கள் என்று ஓடும். இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் இருக்கிறது. உறவு பெரிதாக இல்லை. ஒரே ஓர் இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

குழப்பம் வராமல் இருக்க, இயற்பியலில் வருவதைப் புலம் என்றும் கணிதத்தில் வருவதைக் களம் என்றும் எழுதுகிறேன். மின்புலம், காந்தப்புலம் என்று பள்ளியிலேயே படித்த அந்தப் புலம்தான் முதலாவது.

இடத்துக்கு ஒரு மதிப்பு

சென்னையின் வெப்பநிலை என்று வானிலைத் துறை தினமும் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று நுங்கம்பாக்கத்தில் அளந்தது, இன்னொன்று மீனம்பாக்கத்தில் அளந்தது. கருவி இருப்பது அந்த இரண்டு இடங்களில்தான் என்றாலும், நடுவில் உள்ள சைதாப்பேட்டையிலும் கிண்டியிலும் வெப்பநிலை இல்லாமல் போய்விடுவதில்லை. எந்தத் தெருவில், எந்த மாடியில், எந்த நேரத்தில் கேட்டாலும் அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு ஒரு எண் உண்டு. இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கும் ஏற்பாட்டைத்தான் புலம் என்கிறோம். வரையறை இவ்வளவுதான். இதில் மர்மம் எதுவும் இல்லை.

வெப்பநிலைக்கு ஒற்றை எண் போதும். காற்றுக்குப் போதாது, எவ்வளவு வேகம் என்பதோடு எந்தத் திசையில் என்றும் சொல்ல வேண்டும். முதல் வகைக்கு ஸ்கேலர் புலம் என்று பெயர், இரண்டாவதற்கு வெக்டர் புலம். வெக்டர் புலங்களைக் கணிதக்காரர்களும் ஆராய்கிறார்கள். அவர்கள் நிறுவிய தேற்றம் ஒன்று சுவையானது: பூமிப்பரப்பின் மீது வீசும் காற்றை, இடத்துக்கு இடம் சீராக மாறும் வெக்டர் புலமாகக் கருதினால், எந்தக் கணத்திலும் குறைந்தது ஓர் இடத்திலாவது காற்று வீசாமல் நின்றிருக்கும். உருண்டையாக இருப்பதாலேயே வரும் கட்டாயம் அது.

கண்ணுக்குத் தெரியாத புலம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கைப்பேசியே போதும். திசைகாட்டி வேலை செய்யும் கைப்பேசி ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. அதன் அளவைக் காட்டும் செயலியைத் திறந்தால் மூன்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்: மூன்று திசைகளில் புலத்தின் பங்கு. தென் தமிழ்நாட்டில், பக்கத்தில் இரும்பு ஏதும் இல்லையென்றால், மொத்த அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா வரும். அங்கே இன்னொரு விசேஷமும் உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகப் போவதால், பூமியின் காந்தப்புலம் அங்கே ஏறக்குறைய தரைக்குக் கிடையாக இருக்கிறது. டெல்லிக்குப் போனால் அதே புலம் 40 டிகிரிக்கு மேல் தரைக்குள் சாய்ந்துவிடும். 1963-இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கு இந்த நடுக்கோடுதான் காரணம்.

ஈர்ப்பும் இப்படித்தான். பூமிப்பரப்பில் ஒரு கிலோ பொருளை வைத்தால் அதன் மீது சுமார் 9.8 நியூட்டன் விசை இருக்கும். 400 கிலோமீட்டர் உயரத்தில், சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் இடத்தில், 8.7 சொச்சம். அங்கே ஈர்ப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. வீரர்கள் மிதப்பது நிலையத்தோடு சேர்ந்து அவர்களும் விழுந்துகொண்டே இருப்பதால். தரையிலும் ஈர்ப்புப் புலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு சற்றுக் குறைவான பெரிய பகுதி ஒன்று உண்டு. அதன் விளைவாக அங்கே கடல்மட்டம், பூமிக்கு நாம் வகுத்துவைத்த சீரான நீள்கோள வடிவத்தைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு அந்தப் பள்ளம் தெரியாது. செயற்கைக்கோளுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டை மட்டும் பார்க்கும் விதி

மதிப்புகளைப் பட்டியல் போட்டால் அது புலம். அந்த மதிப்புகள் எப்படி மாறும் என்று சொல்ல ஒரு விதி வந்தால்தான் அது புலக் கோட்பாடு. அறிமுகக் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தைத் தாவிப் போய்விடுகின்றன. காகிதத்தை எடுத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

நீளமான இரும்புக் கம்பி ஒன்று. முழுக்க 30 டிகிரியில் இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளியை மட்டும் 90 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். சுற்றியுள்ள ஐந்து புள்ளிகளை வரிசையாக எழுதினால் 30, 30, 90, 30, 30. இப்போது விதி: ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு புள்ளியும் தன் இடப்பக்க, வலப்பக்க அண்டைகளை மட்டும் பார்க்கும், அவற்றோடு தனக்குள்ள வித்தியாசங்களைக் கூட்டி, அதில் கால்பங்கு தான் மாறிக்கொள்ளும்.

நடுப்புள்ளியைவிட இரு அண்டைகளும் 60 குறைவு. மொத்தம் 120 குறைவு, அதில் கால்பங்கு 30. ஆகவே 90 இறங்கி 60 ஆகிறது. அதற்கு அடுத்த புள்ளிக்கு ஒரு பக்கம் 60 அதிகம், மறுபக்கம் வித்தியாசம் இல்லை. கால்பங்கு 15, அது 45 ஆகிறது. கடைசிப் புள்ளிகளுக்கு இரு பக்கமும் 30-தான், எனவே மாற்றமில்லை. ஒரு நொடிக்குப் பிறகு வரிசை 30, 45, 60, 45, 30. இன்னொரு நொடி போட்டால் 33.75, 45, 52.5, 45, 33.75. சூடு பரவுகிறது, கூர்மை மழுங்குகிறது. 30-க்கு மேலே கூடுதலாக இருந்த 60 டிகிரியும் எங்கும் தொலைந்துவிடவில்லை. எந்த நொடியிலும் கம்பி முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அதே 60 வரும்.

கடைசிப் புள்ளி முதல் நொடியில் எதுவுமே நடக்காதது போல் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நடுவில் நெருப்பு வைத்த சேதி, இடையில் இருக்கும் புள்ளி மாறிய பிறகுதான் அதற்குப் போய்ச் சேர்ந்தது. தூரத்தில் இருப்பதை எந்தப் புள்ளியும் நேரடியாகப் பார்ப்பதில்லை. புலக் கோட்பாட்டின் உயிர்நாடி இந்த அண்டை விதிதான்.

புள்ளிகளின் இடைவெளியையும் நொடியின் நீளத்தையும் மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே போனால் கிடைப்பது, பிரான்ஸின் ஃபூரியே 1822-இல் நூலாக வெளியிட்ட வெப்பச் சமன்பாடு. விதியில் சின்ன மாற்றம் செய்து, அண்டைகளோடு உள்ள வித்தியாசம் மதிப்பை மாற்றாமல், மதிப்பு மாறும் வேகத்தை மாற்றட்டும் என்று வைத்தால், மேடு மழுங்குவதற்குப் பதில் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஓடத் தொடங்கும். அது அலைச் சமன்பாடு. இந்தச் சமன்பாடுகளை எழுதும் குறியீடான பகுதி வகைக்கெழு என்றதும் பயந்து புத்தகத்தை மூடுகிறவர்கள் நிறைய பேர். அந்தக் குறியீடு சொல்வதும் இதே அண்டைக் கணக்குதான்.

நியூட்டனுக்கு உறுத்திய விஷயம்

1687-இல் நியூட்டன் சொன்ன ஈர்ப்பு விதியில் அண்டைக்கு இடமே இல்லை. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே பதினைந்து கோடி கிலோமீட்டர் வெற்றிடம். ஆனாலும் விசை அந்தக் கணமே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கணக்கு அபாரமாகப் பொருந்தியது. ஆனால் நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஒரு பொருள் தூரத்துப் பொருளை இழுக்கும் என்பது தனக்கே அபத்தமாகப் படுகிறது என்று 1693-இல் ரிச்சர்ட் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் நியூட்டன் சொல்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவ்வளவு கவலைப்படவில்லை. விடை சரியாக வருகிறதல்லவா என்று விட்டுவிட்டார்கள்.

விடாமல் பிடித்துக்கொண்டவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர், உயர்கணிதம் படித்தவர் அல்ல. ஒருவகையில் அதுவே நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். சமன்பாடு எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பொருள்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் அவற்றுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூளைத் தூவினால் வளைந்து வளைந்து கோடுகள் உருவாகின்றன. தூள் இல்லாதபோதும் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, தூள் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று ஃபாரடே எடுத்துக்கொண்டார். 1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல், அதாவது காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்னோட்டம் பிறப்பது, இந்தப் பார்வையில்தான் இயல்பாகப் புரிகிறது.

ஃபாரடேயின் கோடுகளைச் சமன்பாடாக்கியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்புலம் மாறினால் பக்கத்தில் காந்தப்புலம் எழும். காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் மின்புலம் எழும். ஒன்றை ஒன்று எழுப்பிக்கொண்டே இரண்டும் நகரும் என்று அவருடைய கணக்கு சொன்னது. என்ன வேகத்தில்? அதற்குத் தேவையான எண்கள் மின்சாரத்தையும் காந்தத்தையும் மேசைமேல் வைத்து அளந்து பெற்றவை. இன்றைய அலகில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: மின்சாரத்துக்கான மாறிலி 8.854 × 10⁻¹², காந்தத்துக்கானது 1.2566 × 10⁻⁶. இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு 2.998 × 10⁸ மீட்டர் வரும். அது ஒளியின் வேகம்.

விளக்கும் கண்ணாடியும் சம்பந்தப்படாத அளவீட்டிலிருந்து ஒளியின் வேகம் வந்து விழுகிறது. அறிவியல் வரலாற்றில் ஒரே ஒரு கணக்கை யாருக்காவது காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒளி என்பது மின்காந்தப் புலத்தில் ஓடும் அலை என்று மாக்ஸ்வெல் முடிவுகட்டினார். மின்காந்தப் புலத்தின் இயக்கவியல் பற்றிய அவருடைய கட்டுரை 1865-இல் வெளிவந்தது. அதில் சமன்பாடுகள் ஏராளம். இன்று நாம் படிக்கும் நான்காகச் சுருக்கியது ஆலிவர் ஹெவிசைட். அந்த அலைகளை 1887-88 வாக்கில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உண்டாக்கியே காட்டிவிட்டார். வானொலி அதிலிருந்து வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். புலம் என்பது கணக்குப் போட வசதியாக நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடா, உண்மையிலேயே இருக்கும் பொருளா? வெயிலில் நிற்கும்போது தோலில் படும் வெப்பம் சூரியனை விட்டுக் கிளம்பி எட்டு நிமிடம் இருபது நொடி ஆகியிருக்கும். நான்கு நிமிடத்துக்கு முன்னால் அந்த ஆற்றல் எங்கே இருந்தது? சூரியனிடம் இல்லை, உங்களிடமும் வந்து சேரவில்லை. ஆற்றல் அழியாது என்பதை நம்பினால், அது வழியில் எங்கோ இருந்தாக வேண்டும். மின்காந்தப் புலத்தில் இருந்தது என்பதுதான் விடை. ஆற்றலையும் உந்தத்தையும் சுமந்து செல்கிற ஒன்றை வெறும் கணக்கு வசதி என்று ஒதுக்குவது கடினம்.

ஈர்ப்புக்கு இதே நியாயத்தைச் செய்தது 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். அதில் புலம் என்பது இடமும் காலமும் எப்படி வளைந்திருக்கின்றன என்பதே. ஈர்ப்பும் தாமதமாகத்தான் போய்ச் சேரும், ஒளியின் வேகத்தில். நூறு ஆண்டு கழித்து 2015 செப்டம்பரில் ஈர்ப்பலை முதன்முதலாகப் பிடிபட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது 2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலையும் காமா ஒளியும் இங்கே வந்து சேர்ந்தன. 13 கோடி ஆண்டுப் பயணத்தின் முடிவில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 1.7 நொடி.

துகளும் புலம்தான்

இருபதாம் நூற்றாண்டில் குவாண்டம் இயற்பியல் வந்ததும் புலத்துக்கு வேலை கூடியது. மின்காந்தப் புலம் தன் ஆற்றலை நினைத்த அளவில் வாங்கிக் கொடுக்காது; பொட்டலம் பொட்டலமாகத்தான் பரிமாறும். அந்தப் பொட்டலத்தின் பெயர் ஃபோட்டான். 1927-இல் பால் டிராக் இதை முறையான குவாண்டம் புலக் கோட்பாடாக எழுதத் தொடங்கினார். பிறகு துணிச்சலான அடுத்த படி: ஒளிக்கு மட்டுமில்லை, எலெக்ட்ரானுக்கும் ஒரு புலம் உண்டு, எலெக்ட்ரான் என்று நாம் சொல்வது அந்தப் புலத்தில் எழுந்த ஒரு பொட்டலம்.

இப்படி நினைப்பதால் என்ன லாபம்? பிரபஞ்சத்தில் உள்ள எலெக்ட்ரான்கள் எல்லாம் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நிறை, ஒரே மின்னேற்றம், எதிலும் உற்பத்திக் கோளாறு இல்லை. எல்லாமே ஒரே புலத்தின் அசைவுகள் என்றால் அதில் வியப்பு இல்லை. இன்னொன்று, தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்குள் சிதைந்து, அதிலிருந்து எலெக்ட்ரான் ஒன்று வெளியே வருகிறது. அந்த எலெக்ட்ரான் நியூட்ரானுக்குள் ஒளிந்திருக்கவில்லை. அப்போதுதான் பிறந்தது. துகள் என்பது என்றென்றும் இருக்கும் சின்ன உருண்டை என்று வைத்துக்கொண்டால் இதை விளக்க வழியே இல்லை. ஒரு புலத்தின் ஆற்றல் இன்னொரு புலத்துக்குக் கைமாறியது என்றால் விளங்கும். என்ரிக்கோ ஃபெர்மி 1934-இல் வெளியிட்ட கோட்பாடு இதைத்தான் செய்தது.

ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தால் விடைகள் முடிவிலியாக வந்து நின்றன. அதைச் சமாளிக்கும் வழியைத் தோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் மூவரும் 1940-களில் கண்டார்கள். 1965-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வழியில் கணக்கிட்ட எலெக்ட்ரானின் காந்தத்தன்மை, சோதனையில் அளந்ததோடு பத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரை ஒத்துப்போகிறது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் அறிவித்த ஹிக்ஸ் துகளும் ஒரு புலத்தின் அசைவுதான். அந்தப் புலத்துக்கு மட்டும் ஒரு விசித்திரம்: வெற்றிடத்திலும் அதன் மதிப்பு பூச்சியம் இல்லை.

எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஈர்ப்பை இந்தக் குவாண்டம் சட்டகத்துக்குள் கொண்டுவரும் வேலை இன்னும் முடியவில்லை. சோதனைகளில் இத்தனை துல்லியமாகப் பொருந்தும் இந்தக் கோட்பாடுகளுக்குக் கணிதக்காரர் ஏற்கும் அளவுக்கு உறுதியான அடித்தளமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. 1954-இல் யாங், மில்ஸ் இருவரும் முன்வைத்த புலக் கோட்பாட்டை அப்படி நிறுவிக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து பரிசு வைத்திருக்கிறது. இன்னும் யாரும் வாங்கவில்லை.

களம்: வகுத்தல் தடைபடாத இடம்

சரி, அடுத்த அலமாரிக்குப் போகலாம். இங்கே இடம், நேரம், அலை எதுவும் கிடையாது. எண்கள் இருக்கின்றன, அல்லது எண்களைப் போல நடந்துகொள்ளும் ஏதோ சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், பூச்சியத்தைத் தவிர எதனாலும் வகுக்கலாம். விடை எப்போதும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும். நாம் பழகிய கணக்கு விதிகள் பிசகாது. அப்படிப்பட்ட கூட்டம்தான் களம்.

முழு எண்கள் களம் இல்லை, ஏனென்றால் 3-ஐ 2-ஆல் வகுத்தால் வெளியே போய்விடுகிறோம். பின்னங்களையும் சேர்த்துக்கொண்ட விகிதமுறு எண்கள் ஒரு களம். மெய்யெண்கள் ஒரு களம். சிக்கலெண்கள் ஒரு களம். இவை தெரிந்தவைதான். சுவாரஸ்யம் சின்னக் களங்களில் இருக்கிறது.

கடிகாரக் கணக்கு எல்லோருக்கும் பழக்கம்: 12 வந்தால் மறுபடி பூச்சியம். அதில் வகுத்துப் பாருங்கள். 8-ஐ 4-ஆல் வகுப்பதென்றால், 4-ஐ எதனால் பெருக்கினால் 8 வரும் என்று கேட்கிறோம். 2 வரும். ஆனால் 5-உம் வரும், ஏனென்றால் 20 என்பது கடிகாரத்தில் 8. 8-உம் 11-உம்கூட வரும். நான்கு விடைகள்! 1-ஐ 4-ஆல் வகுக்கக் கேட்டால் விடையே இல்லை. காரணம் 3 × 4 = 12, அதாவது பூச்சியம். பூச்சியமல்லாத இரண்டு பெருகிப் பூச்சியமாகும் இடத்தில் வகுத்தல் நிலைகுலைந்துவிடும்.

இப்போது 12-க்குப் பதில் 7 வந்தால் பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். 0 முதல் 6 வரை ஏழே எண்கள். 3-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். 5 × 2 = 10, ஏழைக் கழித்தால் 3. விடை 2, வேறு விடை இல்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் இப்படியே ஒற்றை விடை வரும், ஏனென்றால் 7 பகா எண். அதைப் பெருக்கலாகப் பிரிக்க முடியாது. ஆக ஏழு உறுப்புகள் கொண்ட முழுமையான களம் நம் கையில் இருக்கிறது.

பகா எண் அளவில் மட்டும்தான் களம் அமையுமா என்றால், இல்லை. நான்கு உறுப்புக் களம் ஒன்று உண்டு. உறுப்புகள் 0, 1, அ, அ+1. இரண்டே விதிகள்: எதையும் தன்னோடு கூட்டினால் 0; அ × அ = அ+1. இதில் அ-வை அ+1-ஆல் பெருக்கினால் அ×அ + அ, அதாவது அ+1+அ. இரண்டு அ-வும் அடிபட்டு 1 மிஞ்சும். ஆகவே 1-ஐ அ-வால் வகுத்தால் அ+1. வகுத்தல் நடக்கிறது. பகா எண், அதன் வர்க்கம், கனம் என்று பகா எண்ணின் அடுக்குகளாக உள்ள எல்லா அளவிலும் களம் உண்டு. 4, 8, 9, 25 எல்லாம் சரி. 6, 10, 12 ஆகியவற்றுக்குக் கிடையவே கிடையாது. பிரான்ஸின் எவரிஸ்ட் கால்வா 1830-இல், பத்தொன்பது வயது நிறையும் முன்பே, இத்தகைய முடிவுறு களங்களைப் பற்றி எழுதினார். இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் அடிபட்டு இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளில் முக்கியமானவற்றை லியூவில் 1846-இல்தான் அச்சிட்டார். களம் என்ற கருத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் டெடெகிண்ட், 1871-இல். எந்தக் களமானாலும் பொருந்தும் பொதுக் கோட்பாடாக அது உருவெடுத்தது 1910-இல் ஸ்டைனிட்ஸின் கைகளில்.

டீக்கடை கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு ஓரம் கிழிந்து, எண்ணெய் பட்டு இருந்தாலும் கைப்பேசி அதைப் படித்துவிடுகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது 256 உறுப்புக் களம். ரீட், சாலமன் என்ற இருவர் 1960-இல் வெளியிட்ட முறை அது. ஏழு உறுப்புக் களத்திலேயே அதன் சூட்சுமத்தைப் பார்த்துவிடலாம். நான் அனுப்ப விரும்புவது 3, 2 என்ற இரண்டு எண்கள். அவற்றை அப்படியே அனுப்பாமல், 3-இல் தொடங்கி அடிக்கு 2 ஏறும் கோடாக மாற்றி, ஐந்து புள்ளிகளை அனுப்புகிறேன்: 3, 5, 7, 9, 11. ஏழு வந்தால் பூச்சியம் என்பதால் அது 3, 5, 0, 2, 4. வழியில் நடு எண் கெட்டுப்போய் 3, 5, 6, 2, 4 என்று வந்து சேர்கிறது. வாங்கியவர் முதல் எண்ணையும் நான்காவது எண்ணையும் எடுத்துச் சரிவைக் கணக்கிடுகிறார். 2-இலிருந்து 3-ஐக் கழித்தால் −1, ஏழில் அது 6. மூன்று அடி தள்ளி இருப்பதால் 6-ஐ 3-ஆல் வகுத்தால் 2. அடிக்கு 2 ஏற்றம், தொடக்கம் 3. அந்தக் கோட்டில் நான்கு எண்கள் பொருந்துகின்றன, நடு எண் மட்டும் தனித்து நிற்கிறது. ஆகவே அது தவறு, இருந்திருக்க வேண்டியது 0. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் இந்த வகுத்தல் தடைபடக் கூடாது. அதனால்தான் களம் வேண்டும், கடிகாரம் உதவாது. க்யூஆர் கோடில் கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை வரும். மிகுந்த பாதுகாப்பு நிலையில் அச்சிட்டால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் மீட்டுவிடும்.

களத்தைப் பெரிதாக்குவது

களக் கோட்பாடு என்ற பாடத்தின் பெரும்பகுதி, ஒரு களத்தை எப்படிப் பெரிதாக்குவது, பெரிதாக்கினால் என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியது. விகிதமுறு எண்களில் √2 இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டால் 5 + 3√2 போன்றவையும் வந்துவிடும். வகுத்தல் நடக்குமா? 1-ஐ 1 + √2-ஆல் வகுத்தால் √2 − 1 வருகிறது, பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். உள்ளேயே இருக்கிறோம். இந்தப் புதிய களத்தின் ஒவ்வொரு எண்ணையும் சொல்ல இரண்டு விகிதமுறு எண்கள் போதும் என்பதால், விரிவின் படி 2 என்கிறோம். 2-இன் கனமூலத்தைச் சேர்த்தால் மூன்று எண்கள் தேவைப்படும். படி 3.

இந்தச் சின்னக் கணக்கு இரண்டாயிரம் ஆண்டுப் புதிர் ஒன்றைத் தீர்த்துவைத்தது. ஒரு கனசதுரத்தைப் போல இருமடங்கு கன அளவுள்ள இன்னொன்றை, அளவு குறிக்காத அடிக்கோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியுமா என்று கிரேக்கர்கள் கேட்டார்கள். அந்தக் கருவிகளால் ஒவ்வொரு முறையும் கோட்டையோ வட்டத்தையோ வெட்டிப் புதுப் புள்ளி பெறுகிறோம். அதற்கு அதிகபட்சம் ஒரு இருபடிச் சமன்பாடு போதும். எனவே களத்தின் படி ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காகத்தான் கூடும்: 2, 4, 8, 16. நமக்கு வேண்டிய 2-இன் கனமூலமோ 3 என்ற படியைக் கேட்கிறது. 2, 4, 8 என்று போகும் வரிசையில் எந்த எண்ணையும் 3 வகுக்காது. எத்தனை தலைமுறை முயன்றாலும் முடியாது என்று 1837-இல் பியேர் வான்செல் நிறுவினார். கோணத்தை மூன்றாகப் பிரிப்பதும் பொதுவாக முடியாது என்பது அதே கட்டுரையில் வந்தது. ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்கு இருபடிக்கு இருப்பது போன்ற பொதுச் சூத்திரம் இல்லை என்று ஏபல் 1824-இலேயே காட்டியிருந்தார். எந்தச் சமன்பாட்டுக்கு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துச் சொன்னது கால்வாவின் கோட்பாடு.

சந்திக்கும் இடம்

புலத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்றோமே, அந்த மதிப்பு எங்கிருந்து எடுக்கப்படுகிறது? மாக்ஸ்வெல்லின் புலங்களில் மெய்யெண்களிலிருந்து, அல்லது மூன்று மெய்யெண்களின் தொகுதியிலிருந்து. குவாண்டத்தில் சிக்கலெண்களிலிருந்து. இரண்டுமே களங்கள். இயற்பியலின் புலம், கணிதத்தின் களத்தில் மதிப்பெடுக்கிறது. சந்திப்பு அவ்வளவுதான்.

அப்படியானால் ஏழு உறுப்புக் களத்தில் மதிப்பெடுக்கும் காந்தப்புலம் ஒன்று இருக்கலாமா? வழக்கமான புலக் கோட்பாடு அங்கே நடக்காது. கம்பிக் கணக்கில் மதிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போய்ச் சமன்பாட்டைப் பெற்றோம். ஏழு உறுப்புக் களத்தில் ‘கொஞ்சம்’ என்பதற்கே அர்த்தம் இல்லை. 6-உம் 0-வும் பக்கத்தில் இருக்கின்றனவா, தூரத்தில் இருக்கின்றனவா என்று கேட்க முடியாது. களம் என்ற வரையறைக்குக் கூட்டலும் பெருக்கலும் போதும், அருகு தொலைவு தெரிய வேண்டியதில்லை. புலக் கோட்பாட்டுக்கோ அருகில் இருப்பது எது என்பதுதான் எல்லாமே. மெய்யெண்களிலும் சிக்கலெண்களிலும் இரண்டும் சேர்ந்து கிடைப்பதால் இயற்பியல் அங்கே குடியேறியது.

அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: புலத்தின் பக்கம் போக நுண்கணிதம், அதிலும் வெக்டர் நுண்கணிதம் வேண்டும், பிறகு மின்காந்தவியலை ஒழுங்காகப் படித்தாலே பாதி வழி வந்துவிடலாம். நேராகக் குவாண்டம் புலத்தில் குதிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடுகிறார்கள். களத்தின் பக்கம் போக நுண்கணிதம் தேவையே இல்லை; குலக் கோட்பாடும் பல்லுறுப்புக்கோவைகளும் போதும், பள்ளி மாணவர்கூட ஏழு உறுப்புக் களத்தில் இன்றே தொடங்கிவிடலாம். இரண்டுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது நேரியல் இயற்கணிதம். அந்தப் பாடத்தில் வெக்டர் வெளியின் வரையறையே ‘ஒரு களத்தின் மீதான’ என்றுதான் தொடங்கும்.